நம் நிறத்தில் ஒரு பொம்மை

பள்ளி விடுமுறை நெருங்கினால் 'ஊசியும் நூலும்' பகுதிக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். "பிள்ளைகள் வீட்டிலே சும்மா இருக்கிறார்கள், கைக்கு வேலையாக ஏதாவது எழுதுங்களேன்" என்று தாய்மார்கள் கேட்பார்கள். சென்ற விடுமுறைக்குத் தலையணை உறையின் ஓரத்தில் பூ வேலை செய்வது பற்றி எழுதினேன். மூன்று பையன்களைப் பெற்ற ஒரு சகோதரி கோபித்துக்கொண்டு எழுதிவிட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆகையால் இம்முறை பையன்களும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று. துணி பொம்மை.

கடைப் பொம்மையைப் போல மூக்கும் முழியுமாக இருக்கும் பொம்மையை நான் சொல்லவில்லை. நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் நாட்டுப்புறத்தில் இருந்த தாய்மார்கள், கிழிந்த சட்டையிலும் மாவுச் சாக்கிலும் பிள்ளைகளுக்குப் பொம்மை தைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பழைய பொம்மைகளைப் பார்த்து, அதே மாதிரி செய்வதை இப்போது அங்கே பலர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். 'பிரிமிட்டிவ்' பாணி என்று அதற்குப் பெயர். நம் பேச்சில் பட்டிக்காட்டுப் பொம்மை என்று சொன்னால் சரியாக இருக்கும். மூக்கு இருக்காது. விரல் இருக்காது. ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த விஷயம் ஒன்று உண்டு. கடையில் வாங்கிய புதுத் துணியைக் காப்பியிலும் தேத்தண்ணீரிலும் ஊறப்போட்டு, வேண்டுமென்றே பழசு போலாக்கி, அதன் பிறகு தைக்கிறார்கள். பழந்துணிக்கு நம் வீடுகளில் என்ன பஞ்சம்! ஆனால் அந்தக் காப்பியை நாமும் உபயோகிக்கப் போகிறோம். காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

துணி பொம்மை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில், எகிப்தில் ரோமர் ஆட்சி நடந்த காலத்துத் துணி பொம்மை ஒன்று இருக்கிறது. முரட்டு நார்த்துணியில் தைத்து, கந்தலும் பாப்பிரஸ் தாளும் அடைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு தாய், மிச்சம் மீதியை வீணாக்காமல் செய்ததுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

உடம்புக்கு வெள்ளைப் பருத்தித் துணி வேண்டும். தாத்தாவின் பழைய வேட்டி, கிழிந்த படுக்கை விரிப்பு, மாவு வரும் துணிச் சாக்கு எதுவானாலும் சரி. பாலியெஸ்டர் கலந்த துணி வேண்டாம். காப்பிச் சாயம் அதில் பிடிக்காது. துணியை முதலில் சோப்புப் போட்டுத் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஐந்து மேசைக் கரண்டி காப்பித் தூள் போட்டு, பத்து நிமிடம் சென்றதும் வடிகட்டி, ஒரு கரண்டி வினிகர் சேருங்கள். நனைத்துப் பிழிந்த துணியை அதில் முக்கி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மாநிறம் வரும். இராத்திரி முழுவதும் ஊறினால் நல்ல பழுப்பு. இன்னும் கறுக்க வேண்டுமானால் காய வைத்து, புதிதாகக் காப்பி போட்டு இரண்டாம் முறை முக்க வேண்டும். தேத்தூள் போட்டால் சற்றுச் சிவப்போடிய நிறம் கிடைக்கும்.

நம் ஊரில் ஒரு சங்கடம். இங்கே விற்கும் காப்பித் தூளில் பெரும்பாலானது சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. சாயம் நன்றாகப் பிடிக்கும். எறும்பும் நன்றாகப் பிடிக்கும்! என் முதல் துணியைக் கம்பியில் காயப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் வரிசை கட்டிவிட்டது. அதனால் சாயம் ஏறியதும் பச்சைத் தண்ணீரில் ஒரு தரம் அலசிவிடுங்கள். கூலாயில் மத்தியானத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது, காலையிலேயே காய வைத்துவிடுங்கள். ஈரம் இருக்கும் துணியைத் தைத்துப் பஞ்சு அடைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பூக்கும். இன்னொன்று, இது கடைச் சாயம் போல உறுதியானது அல்ல. சோப்புப் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் மங்கும். முழுவதும் போகாது.

துணியை இரண்டாக மடித்து, அதன் மேல் பென்சிலால் பொம்மையின் உருவத்தை வரையுங்கள். தலை முதல் கால் வரை பன்னிரண்டு அங்குலம் போதும். தலை, கழுத்து, விரித்த இரண்டு கை, இரண்டு கால் எல்லாம் ஒரே கோட்டில் வர வேண்டும். கழுத்தை மெல்லியதாகப் போடாதீர்கள். பஞ்சு அடைத்த பிறகு தலை சாய்ந்துவிடும். கைகளையும் சற்று நீளமாகவே வரையுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும். வெட்டுவதற்கு முன்பே கோட்டின் மேல் தையல் போட வேண்டும். கைத்தையல்தான் என்றால், போன வழியே ஒரு எட்டு திரும்பி வந்து முன்னேறும் பின்தையல் போடுங்கள். ஓட்டுத் தையல் பஞ்சு அடைக்கும்போது பிரியும். விலாவில் இரண்டு அங்குலம் தைக்காமல் விட்டு, தையலுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டி எடுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தையலைத் தொடாமல் கத்தரிக்கோல் நுனியால் சிறு வெட்டுக் கொடுத்தால், புரட்டும்போது சுருங்காது. புரட்டுவதற்குச் சீனர் கடையில் கிடைக்கும் சாப்பாட்டுக் குச்சி மிகவும் வசதி.

அடைப்பதற்கு இலவம் பஞ்சு. மலாய்க்காரர்கள் கெக்காபு என்பார்கள். கம்பத்துப் பக்கம் மரம் நிற்கும், கேட்டால் கொடுப்பார்கள். பழைய தலையணையைப் பிரித்தாலும் ஆயிற்று. மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் அன்று முழுவதும் தும்மல்தான். பஞ்சு இல்லையென்றால் கந்தலைச் சிறு சிறு துண்டாக வெட்டி அடைக்கலாம். பொம்மை கனமாக இருக்கும், ஆனால் துவைக்கலாம். இலவம் பஞ்சு நனைந்தால் கட்டி கட்டும்.

மிஞ்சும் துண்டுத் துணிகளைக் குப்பையில் போட வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற உடை தயாரிப்பு நிலையத்தார், கடலைப் பார்க்கவே அஞ்சிக் கிடந்த மீனவப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, தையலில் மிஞ்சிய துண்டுகளில் பெருவிரல் அளவுப் பொம்மைகள் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். உமா பிரஜாபதி என்ற அம்மையார் தொடங்கியது. பொம்மைக்கு 'சுனாமிகா' என்று பெயர். அதற்கு விலை கிடையாது. அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். பெற்றவர்கள் விரும்பிக் கொடுத்த பணத்தில் வேலை நடந்தது. இலட்சக் கணக்கில் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. "இப்படிச் செய்வதை விற்கலாமா?" என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. தாராளமாக விற்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் முதல் பொம்மையை விற்காதீர்கள்.

முகத்துக்கு இரண்டு கண், ஒரு வாய், ஒரு பொட்டு. அவ்வளவுதான். கறுப்பு நூலிலும் சிவப்பு நூலிலும் தைத்துவிடுங்கள். கண்ணுக்குப் பொத்தான் வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் வைக்கவே கூடாது. பிய்த்து விழுங்கிவிடும். முடிக்குக் கறுப்புக் கம்பளி நூல், அல்லது பழைய கறுப்புக் காலுறையை நாடாவாக வெட்டிக்கொள்ளலாம். ஜடை பின்னி விடலாம்.

இப்போது காப்பிக்குக் காரணம் சொல்கிறேன்.

முதலில் நான் இரண்டு பொம்மைகள் செய்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரிப் பூப்போட்ட பாவாடை. ஒன்று வெள்ளைத் துணியிலேயே தைத்தது. மற்றது காப்பியில் ஒரு இரவு ஊறியது. கைவேலைப் பாடத்துக்கு வகுப்பில் கொண்டுபோய் மேசை மேல் வைத்தேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள், மொத்தமே எட்டுப் பேர். யாருக்கு எது வேண்டும் என்று கேட்டதும் எட்டுப் பேரும் வெள்ளையைக் காட்டினார்கள். முன் வரிசையில் ஒரு சிறுமி. அம்மா செனாயில் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார், பாட்டிதான் வளர்க்கிறார். நல்ல நிறமான கறுப்பு. நல்ல சூட்டிகை.

"ஏம்மா, இந்தப் பாப்பா நல்லா இல்லையா?"

"அது கறுப்பு, டீச்சர்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "என்ன மாதிரி" என்றாள்.

இருபது வருடத்துக்கு மேல் வகுப்பில் நிற்கிறேன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

இதே காரியத்தை அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி சோதனையாகவே செய்திருக்கிறார்கள். இருவரும் மனோதத்துவ நிபுணர்கள். நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை 253 கறுப்பினக் குழந்தைகள் முன்னால் வைத்தார்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரை உள்ள பிள்ளைகள். "உனக்கு விளையாட எது வேண்டும்?" என்று கேட்டதற்கு மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் கேட்டன. "பார்க்க நன்றாக இல்லாதது எது?" என்றபோது பாதிக்கு மேற்பட்டவை பழுப்புப் பொம்மையைக் காட்டின. அதன் பிறகு, "உன்னைப் போல் இருப்பது எது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடிய குழந்தைகளும் உண்டு. 1947-இல் இந்த ஆய்வு அச்சில் வந்தது. 1954-இல், வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வும் அதில் எடுத்துக் காட்டப்பட்டது.

அங்கே வெள்ளைக்காரன் ஒதுக்கி வைத்ததால் அந்தப் பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றியது என்று நாம் சொல்லிவிடலாம். இங்கே நம் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வேறு யாரையும் தேட வேண்டாம். குழந்தை பிறந்த செய்தி வந்தால் ஆணா பெண்ணா என்று கேட்போம், அடுத்த கேள்வி கறுப்பா சிவப்பா. வீட்டில் செல்லப் பெயரே கறுப்பி. பள்ளிக்கு அனுப்பும்போது கழுத்து வரைக்கும் பவுடர். மற்றவர்களைச் சொல்வானேன், சென்ற வருடம் எங்கள் கலைவிழாவில் பிரமுகருக்கு மாலை போட ஒரு பிள்ளையை நிறுத்தச் சொன்னார்கள். நான்தான் தேர்ந்தெடுத்தேன். எந்தப் பிள்ளையை நிறுத்தினேன், எதற்காக அந்தப் பிள்ளையை நிறுத்தினேன் என்று அன்று இரவு நினைத்துப் பார்த்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நம் முன்னோர் பிள்ளைக்குக் கொடுத்த பொம்மை வெள்ளை இல்லை. மரப்பாச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? செம்மரத்திலோ கருங்காலியிலோ கடைந்த ஆண் பெண் ஜோடி. தோட்டத்தில் கொலு வைக்கும் குடும்பம் குறைவு, அதனால் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். நவராத்திரிக் கொலுவில் எத்தனை வண்ணப் பொம்மை இருந்தாலும் மரப்பாச்சிக்கு என்று ஓர் இடம் உண்டு. கறுத்துப் போன அந்தப் பொம்மைக்குப் பட்டுத் துணி சுற்றி வைப்பார்கள். அதைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அமெரிக்காவிலும் கறுப்பினத் தாய்மார்கள் தங்கள் நிறத்திலேயே துணி பொம்மை செய்து கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட அத்தகைய பொம்மைகளை 2022-இல் நியூயார்க் வரலாற்றுக் கழகம் காட்சிக்கு வைத்தது. பட்டிக்காட்டுப் பொம்மை என்று மேலே சொன்னேனே, அந்த வகைதான். அவர்களில் ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. அடிமையாகப் பிறந்தவர். எசமானுக்குத் தப்பி, தன் பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில், நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத ஒரு பொந்தில் ஏறக்குறைய ஏழு வருடம் ஒளிந்து கிடந்தார். கீழே அவருடைய பிள்ளைகள் இருவரும் விளையாடுவது காதில் விழும். அம்மா மேலே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் வந்தபோது அந்த இருட்டுக்குள் இருந்தபடியே பிள்ளைகளுக்கு உடுப்பும் சிறு விளையாட்டுப் பொருள்களும் செய்தார். 1842-இல் வடக்கே தப்பிச் சென்று, 1861-இல் தன் வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார். கூரையின் ஓட்டையில் வரும் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்திருக்கிறார். நமக்கு மின்சார விளக்கு இருக்கிறது.

அந்தச் சிறுமியின் கதை அதோடு முடியவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கறுப்புப் பொம்மைதான் அவளுக்கு விழுந்தது. மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கொண்டுபோனாள். திங்கட்கிழமை காலை பிளாஸ்டிக் பையில் சுற்றித் திருப்பிக் கொண்டு வந்தாள். பொம்மை சொதசொதவென்று இருந்தது. கைக்குள் பஞ்சு உருண்டையாகக் கட்டியிருந்தது. முகத்தில் வாய்த் தையல் பாதி பிய்ந்திருந்தது.

"சோப்புப் போட்டுத் தேச்சேன், டீச்சர். பிரஷ்ஷு போட்டும் தேச்சேன். போகலே."

நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. விலாத் தையலைப் பிரித்து, ஈரப் பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு, துணியைக் காயப் போட்டேன். நிறம் சற்று மங்கியிருந்தது, அவ்வளவுதான். பாட்டியிடம் பழைய துணி ஏதாவது இருந்தால் வாங்கி வா, பாவாடைக்குப் பதில் வேறு உடுப்புத் தைக்கலாம் என்று சொல்லியனுப்பினேன்.

மறுநாள் பாட்டியே வந்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். அவர் வேலை செய்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, கொஞ்ச காலம் உதிரிப் பழம் பொறுக்கினார். இப்போது முழங்கால் வலி. மடியிலிருந்து ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்தார். மலைக்குப் போகும்போது போட்ட சட்டை. முன் பக்கமும் கையும் பால் கறை ஏறிக் கறுத்து, அட்டை போல விறைத்திருந்தது.

"இதை வெட்டிக்க, டீச்சரம்மா. வேற என்னத்துக்கு வெச்சிருக்கேன்."

சிற்றுண்டிச் சாலை வாங்கில் உட்கார்ந்து இருவருமாக வெட்டினோம். சின்ன வயதில் ஆயாக்கொட்டகையில் இருக்கும்போது, கைலிக் கிழிசலை உருட்டி முடிச்சுப் போட்டு, அதுதான் தலை, தொங்குவதுதான் பாவாடை என்று வைத்து விளையாடியதைச் சொன்னார். பேத்தி பக்கத்தில் நின்று சட்டையை முகர்ந்து பார்த்தாள். நகத்தால் கறையைச் சுரண்டினாள்.

"பாட்டி, இது போகாதா?"

"எங்கடி போவும்? முப்பது வருசமாத் தொவைச்சேன்."

பொம்மைக்கு முழுக்கைச் சட்டையும், தலையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டும் ஆயிற்று. வாய்த் தையலை நான் மறுபடி போட்டேன். இந்தத் தடவை பஞ்சுக்குப் பதில் கந்தலை அடைத்தேன். திரும்பவும் துவைக்க நேர்ந்தால் பழுதில்லை அல்லவா?

அவள் மனம் மாறிவிட்டாள் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். ஓவியப் பாடத்தில் பிள்ளைகள் 'தோல் கலர்' என்று சொல்லும் அந்த வெளிறிய ரோஜா நிறக் கிரேயானைத்தான் இன்னும் தேடுகிறாள், முகம் வரையும்போது. மண் நிறக் கிரேயானை எடுத்துக் கையில் கொடுத்தேன். வாங்கி மரத்துக்குப் பூசினாள். ஆனால் பொம்மையை இராத்திரி பக்கத்தில் போட்டுத்தான் தூங்குகிறாளாம். அம்மா வேலைக்குப் போகும்போது அதன் தலைத்துண்டை அவிழ்த்துப் பாய் விரித்துப் படுக்க வைக்கிறாள், விடியற்காலையில் மறுபடி கட்டி விடுகிறாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டதாம். பெரட்டு என்ற சொல்லை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் பாட்டியைக் கூலாய் பசார் மாலாமில் பார்த்தேன். பொம்மை எப்படி என்று விசாரித்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க, டீச்சரம்மா. கைதான் குட்டையாப் போச்சு. இந்தக் கைய வெச்சிக்கிட்டு மரம் வெட்டுனா கோடு எட்டாது."